கேமரா மேல் ஒரு பொட்டு

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி. பழனி தாண்டுனா ரோடு சரியில்ல, குலுக்குற குலுக்குல கீழ விழுந்துரும். மடியிலயே வச்சுக்கங்க. லேப்டாப்பு தானே? கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை? அப்படியா. அப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிர்றேன். இல்லைன்னா நான் கேக்குறது உங்களுக்கு விளங்காது.

எனக்கு ஒட்டன்சத்திரம். மார்க்கெட்டுக்குப் பின்னாடி மோட்டார் கடை வச்சிருக்கேன். போர்வெல் மோட்டாரு, பம்பு, அதுக்கு உண்டான சாமான் எல்லாம் கெடைக்கும், கருகின மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுத்திக் காயிலும் கட்டிக் குடுப்போம். ஒரே பொண்ணு. கோகிலவாணின்னு பேரு, வாணின்னு கூப்பிடுவோம். காலேஜ்ல கணக்கு எடுத்துப் படிச்சு முடிச்சுட்டு பேங்க் பரீட்சைக்குத் தயார் பண்ணுனா. திண்டுக்கல்ல கோச்சிங் சேர்றேன்னு கேட்டா. தினமும் பஸ்ல போகணும், வரணும், எதுக்கு? நான் தான் வேண்டாம்னேன். எல்லாத்தையும் இப்போ ஆன்லைன்லயே நடத்துறாங்களே. நல்ல லேப்டாப்பா பாத்து வாங்கிக் குடுத்தேன். வீட்ல இருந்தே படின்னு சொல்லிட்டேன்.

அவ ரூம்ல உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டா. இங்க மிக்ஸி ஓடும், டி.வி. ஓடும், வாத்தியார் பேசுறது கேக்காதுன்னா. நியாயம் தான். ஆனா சாத்துன கதவைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். சந்தேகம்னு சொல்ல மாட்டேன். நல்ல பொண்ணு. நிமிந்து பேச மாட்டா. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தானே ஏமாத்துவாங்க? பேப்பர்ல தினமும் ஒண்ணு வருது. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இல்லையா. ஒரு பொண்ணு பொறக்கட்டும், நான் சொல்றது தெரியும்.

கடைக்கு வர்ற சேல்ஸ்மேன் ஒருத்தரு, அவர் தான் சொன்னாரு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டு விட்டா, பிள்ளைங்க என்ன பாக்குறாங்க, என்ன எழுதுறாங்க எல்லாம் நம்ம போனுக்கே வந்துரும்னாரு. தேடிப் பாத்தேன். முறையா விக்கிறவன் காசு கேட்டான். இன்னொரு எடத்துல அதே சாமான் சும்மாவே கெடந்துச்சு. வெள்ளிக்கிழமை தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தப்போ உக்காந்து போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த சைட்டுக்காரன் விவரமாத் தான் எழுதியிருந்தான். போடும்போது செவப்பா ஒரு பெட்டி வரும், ஆபத்துன்னு காட்டும், பயப்படாத, ஆன்டிவைரஸை அணைச்சுட்டுப் போடுன்னு. அதே மாதிரி செவப்பா வந்துச்சு. அணைச்சேன். உள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு வம்பும் இல்ல.

நம்ம பக்கம் சில விவசாயிங்க இருக்காங்க. ஸ்டார்ட்டர்ல லோடு கூடினா கரண்டை நிறுத்துற ரிலே தட்டிக்கிட்டே இருக்குன்னு அதைக் கழட்டி எறிஞ்சுட்டு மோட்டாரை நேரா ஓட்டுவாங்க. காயில் கருகி எங்கிட்ட தூக்கிட்டு வருவாங்க. ஏன்யா, உன்னைக் காப்பாத்தத் தானே அது தட்டுதுன்னு நல்லா ஏசி விடுவேன். ஆனா அது கரண்டு சமாச்சாரம். இது வேற.

கடையில உக்காந்து போனை எடுத்தேன்னா வாணி தெரிவா. ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு ஒரு படம், கேமரா வழியா ஒரு படம், மாத்தி மாத்தி வரும். கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பா. விடை வரலைன்னா பேனா மூடியைக் கடிப்பா. வந்துருச்சுன்னா தனியாச் சிரிப்பா. முறுக்கைக் கொறிச்சுக்கிட்டே எழுதுவா. சில நேரம் வாய் அசையும், பாடுறான்னு தெரியும், சத்தம் வராது. அவ இவ்வளவு நல்லாச் சிரிப்பான்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது தம்பி. கடைக்காரனுக்குப் பிள்ளை வளர்றது எங்க தெரியுது? காலையில போனா ராத்திரி தானே வர்றோம். பில்லுப் போடும்போது ஒரு பார்வை, டீ குடிக்கும்போது ஒரு பார்வை. எனக்கு அது பழகிப் போச்சு.

தப்பா ஒண்ணும் செய்யல அவ. அதையும் சொல்லணும்ல.

ஆனா படிக்கிற நேரத்துல மேசையில தலை வச்சுத் தூங்குவா. வீட்டுக்குப் போன் போட்டு, வாணியை எழுப்புன்னு சொல்லுவேன். பாடத்தை விட்டுட்டுச் சமையல் வீடியோ பாத்தான்னா, சாப்பிடும்போது லேசாச் சொல்லிக் காட்டுவேன், கேக்கு செய்யவா உன்னைப் படிக்க வச்சேன்னு. அவளுக்கு ஆச்சரியம். கதவைச் சாத்திட்டு உள்ள செய்யுறது இவருக்கு எப்படித் தெரியுதுன்னு. கடைசியில அவங்க அம்மா தான் சாவி ஓட்டை வழியாப் பாத்து எனக்குச் சொல்லுறான்னு முடிவு கட்டிட்டா. தாயோட பேசுறதை நிறுத்திட்டா. எடுத்து வச்ச சோத்தைத் திம்பா, அம்மான்னு வாய் தொறந்து ஒரு வார்த்தை வராது. இந்திராணி, என் வீட்டுக்காரி, எங்கிட்ட வந்து அழுதா. நான் ஒண்ணுமே சொல்லலையே, என்னைய ஏன் இப்படிப் பாக்குறான்னு. வயசுப் பிள்ளை அப்படித் தான் இருக்கும், தானா சரியாயிரும்னு ஆறுதல் சொன்னேன். வேற என்ன செய்ய முடியும்?

அப்புறம் ஒரு நாள் போன்ல படம் வரல. வெறும் இருட்டு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா, லேப்டாப்பு கேமரா மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கருஞ்செவப்புல, அவ நெத்திக்கு வைக்கிற அதே பொட்டு. அவ குளிக்கப் போயிருந்தா, பிச்சு எடுத்துட்டேன். மறுநாள் இன்னொண்ணு ஒட்டியிருந்தா. அதையும் எடுத்தேன். அதுக்கப்புறம் தெனமும் அது ஒரு வேலையாப் போச்சு. அவ ஒட்டுவா, நான் உரிப்பேன். தானா விழுந்துருச்சுன்னு நெனச்சிருப்பா போல, பெரிய பொட்டா வாங்கி ஒட்டினா. ஏன் ஒட்டுனான்னு நான் கேக்கவும் முடியாது, ஏன் விழுதுன்னு அவ கேக்கவும் இல்ல.

அவளுக்கு அப்பவே ஏதோ தட்டுப்பட்டிருக்கு. கேமரா பக்கத்துல லைட்டு ஒண்ணு சும்மாச் சும்மா எரிஞ்சிருக்கு. மெஷின் சூடாகியிருக்கு, எதைத் தொறந்தாலும் லேட்டு. மவுஸ் அம்புக்குறி தன்னால நகர்ந்து போயிருக்கு. எங்கிட்ட சொல்லல. சொன்னா லேப்டாப்பைப் புடுங்கிருவேன்னு பயம்.

ஒரு நாள் மத்தியானம் கடை வாசல்ல வந்து நிக்கிறா. அவ கடைக்கு வர்ற பொண்ணே இல்ல. லேப்டாப்பை ஒரு துண்டுல சுத்தி, நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கா. காலுல செருப்பு இல்ல. கல்லா மேல வச்சுட்டு, "இதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்ப்பா" அப்படிங்கிறா.

கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது தானா ஒரு சின்ன ஜன்னல் தொறந்து, எழுத்து ஒண்ணொண்ணா விழுந்திருக்கு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். பச்சைச் சுடிதார் உனக்கு எடுப்பா இருக்கு, பொட்டை எதுக்கு கேமராவுல ஒட்டுற, நெத்தியில வைன்னு.

அந்த இடத்துல எந்தத் தகப்பனா இருந்தாலும் என்ன கேப்பானோ அதைத் தான் கேட்டேன். எவன் அவன்னு கேட்டேன். எனக்கு யாரையும் தெரியாதுப்பான்னா. காலேஜ்ல கூடப் படிச்சவனா? பஸ்ல பாத்தவனா? தெரியாதுப்பா. மறுபடி மறுபடி அதே பதில் தான். உன்னைத் தெரியாதவனுக்கு உன் சுடிதார் கலரு எப்படித் தெரியும்னேன். கடையில வேலை பாக்குறவங்க எல்லாம் பாக்குறாங்க. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் வீட்டை வீடுன்னே சொல்ல முடியாது. அவ போனை வாங்கி நான் வச்சுக்கிட்டேன். ஜன்னலை அடைச்சோம். லேப்டாப்பை பீரோவுல வச்சுப் பூட்டினேன். ஆனா பரீட்சைக்கு விண்ணப்பம் அதுல தானே இருக்கு, ஹால் டிக்கெட் அதுல தானே எடுக்கணும். தொறந்து வைஃபைல சேத்தா அவன் வந்துருவான். அணைச்சா போயிருவான். மறுபடி தொறந்தா, எங்க போயிட்டன்னு கேப்பான். கேமராவை மூடாத, மூடுனா உன் படத்தை எல்லாம் காலேஜ் பிள்ளைங்களுக்கு அனுப்புவேன்னு எழுதினான். அவ மெயிலுக்கே மாதிரிக்குச் சிலதை அனுப்பியும் வச்சான். அசிங்கமா ஒண்ணும் இல்ல. படிக்கிறது, தூங்குறது, தலை துவட்டுறது. அதுல சிலதை நான் ஏற்கெனவே என் போன்ல பாத்திருக்கேன். அப்பவும் எனக்கு எதுவும் தட்டுப்படல. ஒரே கேமரா தானே, அவன் எடுத்தாலும் அப்படித் தானே இருக்கும்னு விட்டுட்டேன்.

வாணி ரூமுக்குள்ளயே போக மாட்டேன்னுட்டா. அடுப்படியில, அரிசி டிரம்முக்கும் சுவத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு, அங்க போய் உக்காந்துக்குவா. அங்க எந்தப் பக்கமும் ஜன்னல் கெடையாது. டிரஸ்ஸை மாத்துறதுன்னா லைட்டை அணைச்சுட்டு மாத்துவா. டி.வி. மேல துணியைப் போட்டு மூடினா. என் போனு மேசையில கெடந்தா அதைக் குப்புறத் திருப்பி வைப்பா.

எனக்கும் தான். கடையில ஃபேனுக்குக் கீழ உக்காந்தா, ஃபேனுக்குள்ள எவனோ இருந்து பாக்குற மாதிரி. எப்பப் பாத்தான், எதைப் பாத்தான், தெரியாது. நம்ம சிரிச்சதைப் பாத்தானா, அழுததைப் பாத்தானா, தெரியாது. அவன் யாருன்னு நமக்குத் தெரியாது, நம்மள அவனுக்கு அணு அணுவாத் தெரியும். எப்பேர்ப்பட்ட கொடுமை சொல்லுங்க. ஒருத்தனுக்கு நம்ம என்ன செஞ்சோம், இப்படி நம்ம மேல கண்ணை வச்சுக்கிட்டே இருக்க? மனுசனா அவன்?

போலீசுக்குப் போகலாம்னா இந்திராணி. பொம்பளைப் பிள்ளை பேரு வெளிய வரும், வேண்டாம்னுட்டேன். கடைவீதியில இருக்குற சர்வீஸ்காரன்கிட்டக் குடுக்கலாம்னா, அவன் இதுக்குள்ள என்னத்தை எல்லாம் பாப்பானோன்னு பயம். வெளிய சொல்லவும் முடியல, உள்ள வச்சுக்கவும் முடியல. அப்படியே கெடந்தோம், மூணு பேரும்.

கடைசியில இந்திராணி தான் எனக்குத் தெரியாம பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து ஒரு பொண்ணைக் கூப்பிட்டிருக்கா. ஃபர்ஹானான்னு வாணி கூடப் படிச்ச பொண்ணு. மேல படிச்சுட்டு இப்போ மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் எல்லாம் அது பொறுப்பு தான். லீவு நாள் பாத்து வந்துச்சு. வந்ததும் முதல்ல வைஃபை பெட்டியோட ஒயரை உருவுச்சு. இந்த மெஷின்ல இருந்து எந்தப் பாஸ்வேர்டும் அடிக்காதீங்க, அடிக்கிறது எல்லாம் அவனுக்குப் போகுதுன்னுச்சு. தன்னோட போன்ல இருந்து வாணியோட மெயில், பேங்க், பரீட்சை சைட்டு எல்லாத்துக்கும் புதுப் பாஸ்வேர்டு மாத்த வச்சுச்சு. அப்புறம் ஒரு பென் டிரைவைச் சொருகி அதுல இருந்தே மெஷினைக் கிளப்புச்சு. உள்ள இருக்குறது முழிக்காம இருக்கையிலேயே தேடணுமாம். முழிச்சிருந்தா ஒளிஞ்சுக்குமாம்.

தேடிக்கிட்டே எனக்கு விளக்கமும் சொல்லுச்சு. "இது பேக்டோருங்க அங்கிள். வைரஸ் மாதிரி எதையும் அழிக்காது. உள்ள உக்காந்துக்கிட்டு வெளிய இருக்குறவனுக்குக் கொல்லைக் கதவைத் தொறந்து விடும், அவ்வளவு தான். அவன் எப்ப வேணாலும் வரலாம், பாக்கலாம், எழுதலாம். ஆன் பண்ணும்போதெல்லாம் தானா எந்திரிக்கும். விண்டோஸோட சொந்த ஃபைல் மாதிரி பேரு வச்சிருக்கும், பாத்தா சந்தேகமே வராது."

இது தானா வராதாம். நம்ம வீட்டுல யாரோ தொறந்து விட்டாத் தான் வருமாம். மெயில்ல வந்த ஏதாவது ஃபைலைத் தொறந்திருக்கணும், இல்ல சும்மாக் கெடைக்குதுன்னு எதையாவது எறக்கியிருக்கணும்னுச்சு. வாணி தலையை ஆட்டுனா. நான் ஒண்ணும் எறக்கலடின்னா.

சிக்குச்சு. ரெண்டு சாமான் ஒரே நேரத்துல உள்ள வந்திருக்கு, ஒண்ணு ஆளைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேரு, இன்னொண்ணு அதோட முதுகுல ஏறிக்கிட்டு வந்ததுன்னுச்சு. ஆன்டிவைரஸைக் கையால அணைச்சிருக்காங்கன்னுச்சு. தேதியைப் பாத்துச் சொல்லுச்சு. வெள்ளிக்கிழமை.

நாங்க கோயிலுக்குப் போனோமே அன்னைக்கு, அப்படின்னா இந்திராணி.

மூணு பேரும் என்னைப் பாக்குறாங்க. நான் எதையும் மறைக்கல தம்பி. நான் தான் போட்டேன்னு சொன்னேன். உன் நல்லதுக்குத் தான் போட்டேன், அவன் கூட ஒட்டிக்கிட்டு வருவான்னு எனக்கு என்ன தெரியும், நானும் தானே ஏமாந்தேன்னு சொன்னேன். உண்மை தானே?

வாணி எந்திரிச்சு வந்து எனக்கு எதிர்ல நின்னா. கத்தல, அழல.

"எத்தனை நாளாப் பாத்தீங்களோ, அதுல நான் தப்பா என்னப்பா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"செய்யலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஏன் பாத்தீங்க?"

பிள்ளையைப் பாக்குறதுக்கு ஒரு தகப்பன் காரணம் சொல்லணுமா? அவ நேரா அவங்க அம்மாகிட்டப் போனா. உன்னைத் தான்மா நெனச்சேன்னு சொல்லி, மடியில முகத்தை வச்சுக்கிட்டா. இந்திராணி அவ தலையைத் தடவிக்கிட்டே என்னைப் பாத்தா பாருங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு பார்வை நான் பாத்தது இல்ல.

ஃபர்ஹானா மட்டும் வேலையை நிறுத்தல. புடிச்சதை அழிச்சாலும் நம்ப முடியாது, அவன் வேற எங்கயாவது இன்னொரு கதவு வச்சிருப்பான்னு சொல்லுச்சு. போட்டோவையும் பாடக் குறிப்பையும் மட்டும் காப்பி எடுத்து, அதையும் ஒரு தடவை அலசிப் பாத்துட்டு, மெஷினை மொத்தமாத் தொடைச்சு விண்டோஸைப் புதுசாப் போட்டுச்சு. அது எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு. கருகின காயிலுக்கு மேலாக்க ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது. மொத்தத்தையும் உருவிட்டுப் புதுசாத் தான் கட்டணும். வைஃபை பெட்டிக்கும் பாஸ்வேர்டை மாத்துச்சு. அந்தப் பாஸ்வேர்டை வாணி காதுல தான் சொல்லுச்சு. என் வீட்டுப் பெட்டிக்கு எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது.

அப்புறம் அவங்களே போலீசுல சைபர் கிரைமுக்குப் புகார் குடுத்தாங்க. வேண்டாம்னு நான் சொன்னதை யாரும் காதுலயே வாங்கல. ஆளு இன்னும் சிக்கல, வேற ஏதோ ஊர்ல இருந்து செஞ்சிருக்கான், தேடுறோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா அவன் மறுபடி வரல. அந்த மெஷின் சுத்தம் தான்.

பரீட்சை எழுதினா. அந்த ரூம்லயே உக்காந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படிச்சா. பேங்க்ல கெடைக்கல. கோயம்புத்தூர்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல வேலை கெடைச்சுருச்சுன்னு கெளம்பிட்டா. நான் கடையில இருந்தப்போ இந்திராணி தான் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்திருக்கா. எந்த ஆபீஸு, எங்க தங்கியிருக்கா, ஒண்ணும் எனக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. என் நம்பரை எடுக்க மாட்டேங்குறா. இந்திராணிக்குப் போன் வந்தா, எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிருவா. அவ துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்துக்க, தாயும் மகளும் போன்ல மணிக்கணக்காப் பேசிச் சிரிப்பாங்க. நான் உள்ள இருந்தா, சிரிப்பு மட்டும் கேக்கும். என்னன்னு கேட்டா, ஒண்ணும் இல்லங்கன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவா. என் வீட்டுல நான் சாப்பிட்டுத் தூங்குற ஆளு, அவ்வளவு தான். எனக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது. இப்படி ஒரு மனுசனை உக்கார வச்சா அவன் எத்தனை நாள் தாங்குவான்?

இப்போ அங்க தான் போறேன், கோயம்புத்தூருக்கு. இல்ல, அவளைக் கூப்பிட்டுப் பேசப் போகல. சத்தமா ஒரு வார்த்தை பேச மாட்டேன். பீளமேட்டுல ஒரு லேடீஸ் ஹாஸ்டலு. எதிர்ல பேக்கரி இருக்குன்னு நெனைக்கிறேன், மேப்புல அப்படித் தான் காட்டுது. அங்க ஒரு ஓரமா உக்காந்தா, ஆபீஸ் விட்டு வரும்போது தெரியும். எளச்சிருக்காளா, சாப்பிடுறாளா, யார் கூட வர்றா, பாத்துட்டு அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுருவேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியலைன்னா அவளுக்கு என்ன கஷ்டம்?

இடம் எப்படித் தெரிஞ்சதுன்னா கேக்குறீங்க? அதைத் தான் உங்ககிட்டக் காட்டணும்னு இருந்தேன். போன மாசம் இந்திராணி பழனிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. இந்தப் போன்ல பாத்தா, அவ இருக்குற இடத்தைக் காட்டுற புள்ளி பழனியில நிக்கல, நேரா பீளமேட்டுல போய் நிக்குது. இந்தாங்க, இந்த ஆப்பு தான். அவ குளிக்கப் போனப்போ அவ போன்ல போட்டு விட்டேன். இந்தத் தடவை நான் சும்மாக் கெடைக்கிறதை எடுக்கல தம்பி, காசு கட்டி முறையா வாங்கினது. ஆன்டிவைரஸையும் அணைக்கல. போட்டது தெரியாத மாதிரி ஒளிச்சும் வச்சிருக்கேன். ஆனா ஒரு தடவை பட்டவன்ல, மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க இந்த வேலையில இருக்குறவரு, கொஞ்சம் வாங்கிப் பாத்துச் சொல்லுங்க. இது வழியா வேற எவனும் வீட்டுக்குள்ள வந்துர மாட்டானே?